தண்ணீர் தெளிவா வருதா?

மூத்த மகள்

அப்பா போன மாதம் காலமானார். வயது 91. அணைக்கட்டு இன்ஜினீயராக 34 வருடம் வேலை பார்த்தார். ஓய்வுக்குப் பிறகு கால்கள் ஒத்துழைத்த வரை காடும் மலையும் ஆற்றங்கரையும்தான். அவருடைய அலமாரியில் 63 நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாப் பக்கத்திலும் தேதி, நேரம், ஏதோ ஓர் அளவு, பக்கத்தில் ஒரு வரி. தினம் ஒரு நோட்டாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரோடு வேலை பார்த்தவர்களும் நடந்தவர்களும் இதைப் படித்தால், உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.

1976. எனக்கு 11 வயது, தம்பிக்கு 7. விடுமுறையில் ஓர் ஆற்றோரம் மூன்று நாள் தங்கினோம். கூடாரம் கரை மேட்டில். ஆற்றுப் படுகையில் ராத்தங்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். பகலில் மட்டும், முழங்காலுக்கும் குறைவான தண்ணீரைத் தாண்டி, நடுவில் இருந்த கூழாங்கல் திட்டுக்குப் போவோம். போனதும் அப்பா செய்கிற முதல் வேலை, பேனாக்கத்தியால் கோடு கீறிய ஒரு குச்சியைத் தண்ணீர் ஓரத்தில் ஊன்றுவது. அடுத்தது, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது. நாங்கள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. அப்பா அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாம் நாள் பிற்பகல். வானம் வெளுத்துக் கிடந்தது. தலைக்கு மேல் ஒரு துண்டு மேகம் கிடையாது. அம்மா பாறையில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் கல் அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்பா டம்ளரை மொண்டு தூக்கினார். காலையில் அதன் பின்னால் விரல் வைத்தால் ரேகை தெரிந்தது. இப்போது விரலே நிழலாகத்தான் தெரிந்தது. குச்சியைப் பார்த்தார். கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. ஆற்றில் இலைகள் மிதந்து வந்தன. சருகு இல்லை, பச்சை இலை, காம்போடு.

"எழுந்திருங்க. சாமான் கிடக்கட்டும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருப்பது அதுதான். எதற்கெடுத்தாலும் அப்பாவிடம் எதிர்க்கேள்வி கேட்கிற அம்மா, அன்றைக்கு அந்தக் குரலில் என்ன கேட்டாரோ தெரியாது.

தம்பி அப்பாவின் தோளில். என் கை அம்மாவின் பிடியில். தண்ணீர் வருகிற திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள், ஒரு கால் நன்றாக ஊன்றிய பிறகு அடுத்த காலை எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த தண்ணீர் இப்போது என் தொடையைத் தள்ளியது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதைப் பிறகு கல்லூரியில் படித்தபோது, எழுதி வாங்கிய மதிப்பெண்ணைவிட அந்தத் தொடைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மேட்டில் ஏறி நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் புதுச் செருப்பு திட்டிலேயே கிடந்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீரின் இரைச்சல் இல்லை, படுகையில் கற்கள் உருளுகிற சத்தம், தரைக்குள்ளிருந்து வருவது மாதிரி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது திட்டு மறைந்தது. எங்கேயோ மேலே மலையில் கொட்டிய மழை.

அப்பா நோட்டை எடுத்து என்னவோ எழுதினார். அந்தப் பக்கத்தைப் போன வாரம் கண்டுபிடித்தேன். "3.40 கலங்கல், 2 விரல். 3.45 கரை. 4.05 திட்டு மூழ்கியது. நாலு பேரும் நலம்."

அடுத்த மாதம் என்னை அணைக்குள் கூட்டிப் போனார். மேலே இல்லை, உள்ளே. பெரிய கான்கிரீட் அணைகளின் வயிற்றுக்குள் ஆள் நிமிர்ந்து நடக்கிற மாதிரி ஒரு சுரங்க வழி உண்டு. கேலரி என்பார்கள். படி இறங்க இறங்கக் குளிர் ஏறியது. சுவரெல்லாம் ஈரம். சுண்ணாம்பு கரைந்து வழிந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. ஓரத்தில் சின்ன வாய்க்கால் ஓடியது. எனக்கு அழுகை முட்டியது. அணை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா குந்தி உட்கார்ந்தார். "ஒழுகாத அணையே கிடையாதும்மா. அவ்வளவு தண்ணி அந்தப் பக்கம் நின்னு தள்ளும்போது கொஞ்சம் வரத்தான் செய்யும். அடியில போற தண்ணி அணையை மேல தூக்கப் பார்க்கும். அதுக்குத்தான் நாமளே துளை போட்டு வெளிய விடறோம். எவ்வளவு வருது, நேத்து எவ்வளவு வந்தது, தெளிவா வருதா, இதை மட்டும் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தகடு. அதில் 'வி' எழுத்து மாதிரி ஒரு வெட்டு. அதன் வழியாகத் தண்ணீர் வழியும். வெட்டின் அடியிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்தால் நொடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று தெரிந்துவிடும். அன்றைக்கு 62 மில்லிமீட்டர். நொடிக்கு ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்கு ஆகாது, ஐந்தரை மடங்குக்கும் மேலே போய்விடும். அதனால்தான் மில்லிமீட்டரைக்கூட விடக் கூடாது என்றார். பிறகு அதே கண்ணாடி டம்ளர். டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். தெளிவு. தெளிவு என்று என்னையே எழுத வைத்தார்.

அந்த வருடம் ஜூன் 5-ஆம் தேதிதான் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை உடைந்திருந்தது. 93 மீட்டர் உயர மண் அணை, முதல் தடவையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் கலங்கலாக ஒரு கசிவு. ஓட்டை பெரிதானது. அடைக்கப் போன புல்டோசர்களை அதுவே விழுங்கியது. நண்பகலுக்குச் சற்று முன் அணை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். தெளிந்த நீர் வந்தால் நீர் மட்டும் வருகிறது. கலங்கி வந்தால் உள்ளே இருக்கிற மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது. கான்கிரீட் அணையிலும் அடிப்பாறையின் இடுக்கில் களிமண் இருந்தால் இதே கதைதான். ஆற்றங்கரை டம்ளர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இனி ஒரு மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். அப்பா நல்ல குடும்பத் தலைவர் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். வீட்டிலிருந்த நாட்களில் எங்களுக்குத் தலை சீவிவிடுவது முதல் அம்மாவுக்குக் காய்ச்சல் கஷாயம் வரை அவர் கைதான். ஆனால் வீட்டில் இல்லாத நாட்கள் நிறைய. தம்பி பிறந்தபோது அவர் இல்லை. வேறோர் அணையில் முதல் நீர் நிரப்பு நடந்துகொண்டிருந்தது. 47 நாள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு நான்கு வயது. அம்மா வலி பொறுத்துக்கொண்டு என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனது நினைவிருக்கிறது. அணைகளுக்கு முதல் நிரப்புதான் கண்டம். பிரான்ஸில் மால்பாசே அணை 1959 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு அப்படித்தான் போனது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. தெரிந்தும் அந்த 47 நாள் எனக்கு ஆறவில்லை. அம்மாவும் கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை அந்த நோட்டு கையில் வந்தது. தம்பி பிறந்த தேதி. "காலை 6. தெளிவு. 57." அடுத்த வரி: "தந்தி. ஆண் குழந்தை. இருவரும் நலம்." அடுத்த வரி: "மாலை 6. தெளிவு." பக்கத்தில் 85 என்று எழுதி, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, 58 என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். 63 நோட்டில் இதுவரை நான் படித்த 22-இல் எண்ணை மாற்றி எழுதி அடித்த இடம் இது ஒன்றுதான்.

கூட வேலை பார்த்தவர்

சாரின் மகள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் சாரிடம் 23 வயதில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தேன். பாக்கெட் கால்குலேட்டர் வந்துவிட்ட காலம் அது. முதல் சயின்டிஃபிக் பாக்கெட் கால்குலேட்டரான எச்.பி.-35 வந்தது 1972-இல். நான் சேர்ந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. சாரின் மேஜையில் அப்போதும் ஸ்லைட் ரூல்தான், நடுப்பட்டையை நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல். பழைய பழக்கம் என்று நினைத்தேன். முதல் நாளே ஒரு கணக்குக் கொடுத்து அதில் போடச் சொன்னார். 4-3-6 என்று எண்கள் வந்தன. "சரி, 43.6-ஆ, 436-ஆ, 4360-ஆ?" என்று கேட்டார். ஸ்லைட் ரூல் மூன்று இலக்கம் காட்டும். புள்ளி எங்கே வைப்பது என்று சொல்லாது. அது போடுகிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். "முதல்ல மனசுல பத்தா நூறான்னு வச்சுக்கங்க. அப்புறம் கருவியைத் தொடுங்க" என்றார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எனக்குக் கீழே வந்த எல்லாப் பிள்ளைகளிடமும் நான் இதைக் கேட்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

சேர்ந்த முதல் வருடம், அடைமழை. இரவு ஷிஃப்ட் எனக்கு. கேலரிக்குள் இறங்கி வி-வெட்டு அளவு எடுக்க வேண்டும். முந்நூறு படிக்கு மேல். விளக்கு வேறு அணைந்து அணைந்து எரிந்தது. பயந்துவிட்டேன் என்பதுதான் நிஜம். இறங்காமலே, முந்தைய நாள் எழுதியிருந்த 71-ஐப் பார்த்து 71 என்று எழுதி, தெளிவு என்றும் எழுதினேன்.

இரவு ஒன்றரைக்கு சார் வந்தார். அவர் வர வேண்டிய நேரமே இல்லை. மழையால் தூக்கம் வரவில்லை போல. பதிவேட்டைப் பார்த்தார். ஏரி மட்டம் இரண்டு நாளில் 2 மீட்டர் ஏறியிருந்தது அதே பக்கத்தில் இருந்தது. கசிவு மட்டும் அசையவில்லை. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்து, "வாங்க தம்பி, ஒரு தடவை போயிட்டு வருவோம்" என்றார்.

இறங்கும்போது பேசவில்லை. அடியில் போய் அளவைப் பார்த்தோம். 78. டம்ளரைத் தூக்கிப் பிடித்தார். தெளிவு. அந்த நிமிடம் எனக்கு உயிர் வந்தது. மேலே வந்ததும் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். நில மட்டம் அளந்து குறிக்கிற லெவல் புக்காகட்டும், பதிவேடாகட்டும், எங்கள் தொழிலில் ரப்பர் கிடையாது. தப்பை ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் கையெழுத்து வேண்டும். 71-ஐ அடித்து 78 எழுதி, இரவு 2.10 என்று நேரமும் போட்டேன். கை நடுங்கியது.

"78 ஆனது தப்பில்லை. ஏரி ஏறினா அதுவும் ஏறணும். நீங்க 71-னு எழுதி, நாளைக்கு வர்றவர் 79-னு உண்மையா எழுதினா, ஒரே நாள்ல எட்டு ஏறிடுச்சுன்னு எல்லாரும் ஓடுவோம். இல்லன்னா, நிஜமாவே எட்டு ஏறற அன்னைக்கு, யாரோ முந்தின நாள் சரியாப் பார்க்கலைன்னு சும்மா இருந்துடுவோம்." இவ்வளவுதான் சொன்னார். மேலே யாருக்கும் புகார் எழுதவில்லை. அடுத்த ஒரு மாதம், என் இரவு ஷிஃப்ட் நாட்களில் மட்டும் கூடவே இறங்கினார். துணைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. முழங்காலுக்கு நல்லது, ஏறி இறங்க வேண்டும் என்று சொன்னார்.

அவர் நடைப் பிரியர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது பொழுதுபோக்கு என்று பலர் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில்தான் நடப்பார், என்னையும் கூட்டிப் போவார். இத்தாலியில் வயோன்ட் அணையைப் பற்றி அங்கேதான் சொன்னார். 1963 அக்டோபர் 9-ஆம் தேதி இரவு, ஏரிக்கு மேலிருந்த மலைச்சரிவு மொத்தமாக வழுக்கி உள்ளே விழுந்தது. 25 கோடி கன மீட்டருக்கும் அதிகமான பாறையும் மண்ணும். எழும்பிய அலை அணையைத் தாண்டிப் போய் சுமார் 2000 பேரை அடித்துக்கொண்டு போனது. அணை உடையவில்லை. 260 மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கிறது. "அணையை நல்லாத்தான் கட்டியிருந்தாங்க. மலையைத்தான் சரியாப் பார்க்கலை" என்பார். சரிவில் ஒரு மரம் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் நின்று பார்ப்பார். மண் மெல்ல நகர்ந்தால் மரம் சாயும். சாய்ந்த மரம் மறுபடி வெளிச்சத்தை நோக்கி நிமிரும். அடிமரம் கத்தியின் வளைவு போல ஆகிவிடும். ஒரு மரம் என்றால் விட்டுவிடலாம். ஒரு சரிவு முழுக்க ஒரே பக்கம் வளைந்திருந்தால் நோட்டில் ஏறிவிடும். அங்கே முளை அடித்து, மாதாமாதம் வந்து இடைவெளி அளப்போம்.

மூத்த மகள்

அண்ணா, நீங்கள் சொன்னதை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. தேதி தெரியாமல் மழைக்கால நோட்டுகளைப் புரட்டினேன். கிடைத்தது. "இரவு 2.10. 78. தெளிவு. தம்பி கூட வந்தார்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். உங்களை அவர் கூட்டிப் போனதாக இல்லை.

நடைத் தோழர்

அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். ஓய்வு பெற்ற பிறகு பழக்கம். 20 வருடம் சேர்ந்து நடந்தோம். என் அனுபவம் ஒன்று, சுருக்கமாக.

எந்த நடைக்கும் கிளம்புமுன் அண்ணன் நேரக் கணக்குப் போடுவார். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதோடு நிறுத்த மாட்டார். குழுவில் யார் மெதுவாக நடப்பவரோ அவருடைய வேகத்தைப் போன நடைகளிலிருந்து எடுத்து அதற்கேற்ப நேரத்தைக் கூட்டுவார். அந்த ஆளை முன்னால் நடக்க விடுவார், தான் கடைசியில் வருவார். மெதுவாக நடப்பவர் பின்னால் இருந்தால், மற்றவர்கள் நின்று இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. இதை நான் வேறு யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

அவருக்கு 68 வயதில் ஒரு சிகரம். நான் மூன்று வருடமாக ஆசைப்பட்டது. காலையில் கூடாரத்தில் அவருடைய நோட்டை என்னிடம் நீட்டி, "திரும்பற நேரத்தை நீங்களே எழுதுங்க" என்றார். பகல் 1 மணி என்று எழுதினேன். கையெழுத்தும் போடச் சொன்னார். வேடிக்கையாக இருந்தது, போட்டேன். 1 மணிக்கு உச்சிக்கு 150 மீட்டர் கீழே இருந்தோம். மேற்கே கருக்கல். மின்னல் வெட்டியது, எண்ணினோம், 18 நொடி கழித்து இடி. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் ஆறு கிலோமீட்டர். அரை மணியில் போய்த் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று வாதாடினேன். கொஞ்சம் கத்தவும் செய்தேன். அண்ணன் பதில் பேசவில்லை. நோட்டைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார்.

இறங்கினோம். மர எல்லைக்குக் கீழே வருவதற்குள் உச்சியில் இடி விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த வருடம் அதே சிகரத்துக்குப் போனோம், 11.20-க்குத் தொட்டோம். முதலில் என்னை ஏறவிட்டார்.

ஒரே ஒரு தடவை சந்தித்தவர்

அவர் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது. ஒரு நீண்ட இறக்கத்தில் ஷூ முனையில் கால் விரல்கள் இடித்து, நகம் கறுத்து, உட்கார்ந்துவிட்டேன். வெள்ளை முடியோடு ஒரு பெரியவர் வந்தார். அனுமதி கேட்டுவிட்டு என் எதிரே மண்டியிட்டு ஷூ கயிறை முழுக்க அவிழ்த்தார். குதிகாலைப் பின்னால் நன்றாகத் தட்டி உட்கார வைத்தார். கணுக்கால் வளையும் இடத்தில் கயிறை ஒருமுறைக்கு இருமுறை சுற்றி இறுக்கினார், அதற்கு மேலே கொஞ்சம் தளர்த்திக் கட்டினார். "இந்த மடிப்புல இறுக்கம் இருந்தா கால் முன்னால போகாது" என்றார். எழுந்து நடந்து பார்த்தேன். விரல் இடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது கேட்கிறேன், அக்கா, அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிச் சொல்ல முடியுமா? ஏறக்குறைய 2004.

பேத்தி

நான் தாத்தாவோடு மலை ஏறியது மூன்றே தடவைதான். நான் வளர்ந்தபோது அவர் முழங்கால் முடியாமல் போய்விட்டது. 86 வயதுக்குப் பிறகு அவருடைய காடு எங்கள் மொட்டை மாடிதான். ஒரு மழைமானி வைத்திருந்தார். தினம் காலை 8.30-க்கு அளவு எடுப்பார். மழை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்து 0.0 என்று எழுதுவார். பார்க்காத நாள் வெறுமையாக இருக்கும். பூஜ்யமும் வெறுமையும் ஒன்றில்லை என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

மாடியில் உட்கார்ந்து பறவைகளையும் குறிப்பார். வயதாகும்போது முதலில் போவது கீச்சுக்குரல்களைக் கேட்கும் திறன். காகமும் மயிலும் கேட்கும், கதிர்க்குருவி கேட்காது. ஒருநாள், "இந்த வருஷம் கதிர்க்குருவியே வரலை" என்றார். அது எங்கள் தலைக்கு நேர் மேலே கத்திக்கொண்டிருந்தது. எனக்கு 14 வயது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில், "இப்ப கத்துது தாத்தா" என்று சொல்லி, கிளையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தக் கிளையையே பார்த்தார். குருவியின் தொண்டை அசைவது தெரிந்தது போல. தலையாட்டினார். நோட்டை எடுத்து, "கதிர்க்குருவி. பேத்தி கேட்டது. நான் பார்த்தது" என்று எழுதினார். அன்றிலிருந்து என் காது, அவர் கண். நான் பள்ளிக்குப் போன நாட்களில் குருவிக் குரல் பத்தியை வெறுமையாக விட்டிருப்பார்.

கடைசி வாரம் மருத்துவமனையில் இருந்தார். எல்லோரும் அங்கேயே இருந்தோம். இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் விழித்ததும் என்னைப் பார்த்து, "எவ்வளவு?" என்றார். மழையைத்தான் கேட்கிறார் என்று எனக்கு மட்டும் புரிந்தது. மாடிக்கே போகவில்லை நான். 20 என்று சொல்லியிருக்கலாம். "பார்க்கலை தாத்தா" என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய் மாடி ஏறினேன். மழைமானியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, தண்ணீரின் நடுப்பள்ளம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தேன். 41.6. ஆனால் அது எந்த நாளுக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. பழைய நோட்டுகளைப் புரட்டினேன். அவரும் அம்மாச்சியும் வெளியூர் போய் வந்த நாட்களில் என்ன செய்திருக்கிறார் என்று தேடினேன். நாட்களைச் சேர்த்து ஓர் அடைப்புக்குறி போட்டு, மொத்தத்தை ஒரே எண்ணாக எழுதி, பக்கத்தில் "சேர்த்து" என்று எழுதியிருந்தார். அதே மாதிரி எழுதினேன். மானியைக் கவிழ்த்துக் காலி செய்து திரும்ப வைத்தேன்.

மறுநாள் காலை நோட்டை எடுத்துப் போய்க் காட்டினேன். கண்ணாடி கேட்டார். போட்டுவிட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார். அடைப்புக்குறியின் மேல் விரலை வைத்து நகர்த்தினார். பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே என் கையெழுத்தைப் போட்டேன்.